ஹீலா ஆற்றங்கரையின் சிறுநீரகங்கள்: கட்டுக்குள் வராத நீரிழிவின் நீண்டகாலப் பாதிப்புகள் குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குத் தெற்கே, ஹீலா ஆற்றை ஒட்டி வாழும் அக்கிமெல் ஓதாம் பழங்குடி மக்களை மருத்துவ நூல்கள் பெரும்பாலும் பிமா என்ற பெயரில் குறிப்பிடுகின்றன. நீரிழிவு கட்டுக்குள் வராமல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எந்த உறுப்பு எப்போது, எப்படிப் பழுதாகிறது என்பது பற்றி இன்று மருத்துவ உலகம் அறிந்திருப்பதில் கணிசமான பகுதி, இந்தச் சிறிய சமூகத்தினர் தங்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதனைக்குக் கொடுத்ததால் கிடைத்தது. 1965இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் இங்கே தொடங்கிய நெடுங்கால ஆய்வு 2007 வரை நடந்தது. ஐந்து வயதைக் கடந்த அனைவரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைக்கப்பட்டு, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து இரத்தம் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னர் அதே ஆய்வில் சேர்ந்தார்கள்.

இந்தச் சமூகத்தை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இவர்களைப் பற்றிப் பொதுவெளியில் சொல்லப்படும் கதை, உலகிலேயே மிக அதிகமாக நீரிழிவு கண்ட மக்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் பயன்படக்கூடியது. நீரிழிவு வருவது ஒரு நிகழ்வு. அதனால் சிறுநீரகமும் கண்ணும் காலும் கெடுவது வேறொரு நிகழ்வு. முதலாவதைப் பெரிய அளவில் தடுக்க முடியாமல் போன மக்களிடத்திலும் இரண்டாவதைத் தடுக்க முடிந்தது என்பதை அமெரிக்கப் பழங்குடியினரின் கடந்த முப்பது ஆண்டுப் பதிவுகள் காட்டுகின்றன.

ஆறு வற்றிய பின்

ஹீலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்த உழவர்கள் இவர்கள். மக்காச்சோளம், பூசணி, பருத்தி, வறட்சியைத் தாங்கும் டெப்பரி என்னும் சிறு பயறு ஆகியவற்றோடு, ஸ்பானியர் வருகைக்குப் பிறகு கோதுமையையும் விளைவித்தார்கள். 1849இல் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் பாலைவனத்தைக் கடந்து சென்ற ஆயிரக்கணக்கானோருக்குத் தானியம் விற்கும் அளவுக்கு விளைச்சல் இருந்தது. 1870களிலும் 1880களிலும் ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் நீரைத் தங்கள் நிலங்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். கீழ்மடையில் இருந்த இவர்களின் வயல்கள் காய்ந்தன. பல ஆண்டுகள் பஞ்சம் நீடித்தது. இழந்த நீரைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கட்டப்பட்டு 1930இல் திறந்துவைக்கப்பட்ட கூலிட்ஜ் அணையும் அந்த வாக்குறுதியை நிறைவேற்றவில்லை. வயலில் உழைத்து வயலில் விளைந்ததை உண்ட மக்கள், அரசு வழங்கிய வெள்ளை மாவையும் பன்றிக் கொழுப்பையும் சர்க்கரையையும் நம்பி வாழும் நிலைக்கு வந்தார்கள்.

நீரிழிவு மருத்துவத்தில் அக்காலத்தின் பெரும் பெயரான எலியட் ஜோஸ்லின் அரிசோனா மாநிலத்தில் நோயாளிகளைக் கணக்கெடுத்து 1940இல் வெளியிட்ட கட்டுரையில், பழங்குடியினரிடம் நீரிழிவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. 1963இல் மூட்டுவாதத்தைப் பற்றி ஆராய வந்த குழு ஒன்று, எதிர்பாராத அளவுக்குச் சர்க்கரை நோயைக் கண்டது. அதைத் தொடர்ந்த கணக்கெடுப்பில் 35 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரத்தோடு ஒப்பிட்டால் புதிதாக நோய் வரும் வீதம் 19 மடங்கு என்று வில்லியம் நோலரும் அவருடைய குழுவினரும் 1978இல் கணக்கிட்டார்கள்.

மரபணுவே காரணம் என்ற விளக்கம் உடனடியாக ஒட்டிக்கொண்டது. பஞ்சத்தைத் தாங்குவதற்காகக் கொழுப்பைச் சேமிக்கும் மரபணு என்ற கருதுகோளை மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962இலேயே முன்வைத்திருந்தார். மரபணுவுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சொனோரா மலைப்பகுதியில் மாய்கோபா என்ற ஊரில், இவர்களுக்கு மரபுவழியில் நெருங்கிய பிமா மக்கள் இன்னும் கையால் உழுது வாழ்ந்தார்கள். 2006இல் வெளியான ஒப்பீட்டின்படி, அவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 6.9 சதவீதம், அரிசோனா பிமாக்களில் 38 சதவீதம். ஒரே வம்சத்தின் இரு கிளைகளுக்கு இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது, ஆற்றை இழந்ததன் விளைவை இரத்தத்தின் குற்றமாக எழுதியது அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட இன்னொரு அநீதி என்றே நான் கருதுகிறேன். அந்த விளக்கம் வேறொரு கேட்டையும் செய்தது. பிறப்பிலேயே எழுதப்பட்ட நோய் என்று நம்பிவிட்டால், அதன் விளைவுகளையும் தவிர்க்க முடியாதவை என்று நோயாளியும் மருத்துவரும் ஏற்றுக்கொண்டுவிடுவார்கள்.

200 என்ற எண்

குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று உலகெங்கும் ஆய்வகங்கள் இன்று சொல்கின்றன. அந்த எல்லையை வகுப்பதில் ஹீலா ஆற்றங்கரையின் பதிவுகளுக்கு முக்கிய இடம் உண்டு. இங்கே பெரியவர்களின் சர்க்கரை அளவுகள் தெளிவாக இரண்டு திரள்களாகப் பிரிந்திருந்தன. இரண்டு திரள்களும் பிரியும் அளவைத் தாண்டியவர்களிடம்தான் விழித்திரைப் பாதிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் தென்பட்டன. அதற்குக் கீழே அவை அரிது. 1979இலும் 1980இலும் அமெரிக்க வல்லுநர் குழுவும் உலக சுகாதார நிறுவனமும் நோயறியும் அளவுகோல்களைத் திருத்தியபோது இந்தத் தரவுகள் அடிப்படைகளில் ஒன்றாக இருந்தன. வெறும் வயிற்றில் 126 என்ற எல்லை 1997இல் வந்தபோதும் இவர்களின் விழித்திரைகள் மீண்டும் சான்றாக நின்றன. நம் கையில் இருக்கும் பரிசோதனைச் சீட்டில் தடித்த எழுத்தில் அச்சாகும் எல்லை எண்கள், இந்தக் குடும்பங்கள் பார்வையையும் சிறுநீரகத்தையும் இழந்த வரலாற்றிலிருந்து பிறந்தவை.

சிறுநீரகத்துக்குள் நடந்தது

இந்த மக்களைப் பொறுத்தவரை, கட்டுக்குள் வராத சர்க்கரை உயிரைப் பறித்த முதன்மையான வழி சிறுநீரகம். ராபர்ட் நெல்சனும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை நேரடியாக அளந்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, சிறுநீரகம் கெடும் ஒழுங்கைத் தெளிவாகப் பதிவு செய்தது.

நீரிழிவின் தொடக்கக் கட்டத்தில் சிறுநீரகம் மந்தமாவதில்லை. இயல்பைவிட வேகமாக வடிகட்டுகிறது. வடிகட்டப்பட்ட நீரில் சர்க்கரை மிகுதியாக இருப்பதால், சிறுநீரக நுண்குழல்கள் அதை உப்போடு சேர்த்து மீண்டும் உறிஞ்சுகின்றன. குழலின் கடைப்பகுதிக்கு உப்பு குறைவாகச் செல்வதைக் கண்ட சிறுநீரகம், வடிகட்டுதல் போதவில்லை என்று எண்ணி, இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்ச் சுருளான வடிமுடிச்சுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்தமனியை விரித்துவிடுகிறது. வெளியேறும் தமனியோ ஆஞ்சியோடென்சின் என்ற இயக்குநீரின் பிடியில் சுருங்கியே இருக்கிறது. தலைமதகை முழுக்கத் திறந்துவிட்டுக் கடைமடையை அடைத்த வாய்க்காலைப் போல, நடுவில் உள்ள வடிமுடிச்சில் அழுத்தம் ஏறுகிறது. இந்தக் கட்டத்தில், சிறுநீரகத் திறனை அறிய உதவும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கான பரிசோதனை எழுதினால் முடிவு மிக நன்றாக வரும். நோயாளி நிம்மதியாக வீடு திரும்புவார்.

அழுத்தத்தோடு சர்க்கரையின் நேரடிச் சேதமும் சேர்கிறது. இரத்தத்தில் மிகுந்த குளுக்கோஸ் இரத்தக்குழாய்ச் சுவரின் புரதங்களோடு பிணைந்து அவற்றை விறைப்பாக்குகிறது. வடிமுடிச்சின் அடிச்சவ்வு தடிக்கிறது. முடிச்சுக்குள் நுண்குழாய்களுக்கு இடையே உள்ள திசு பெருகி அவற்றை நெருக்குகிறது. வடிகட்டியின் வெளிப்புறத்தைத் தாங்கிப் பிடிக்கும் போடோசைட் என்னும் செல்கள் உதிர்கின்றன. உதிர்ந்தவை மீண்டும் எளிதில் முளைப்பதில்லை. அதன் பிறகுதான் அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் தொடக்கநிலைக் கசிவு, 300ஐத் தாண்டினால் பெருங்கசிவு என்று வகுக்கிறார்கள். அரிசோனா ஆய்வில் அல்புமின் பெருங்கசிவை எட்டியவர்களுக்குத்தான் வடிகட்டும் வேகம் சரியத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் அது 35 சதவீதம் குறைந்தது. அதற்கு முந்தைய கட்டங்களில் இருந்தவர்களின் வடிகட்டும் வேகம் இயல்பாகவோ கூடுதலாகவோதான் இருந்தது. வீழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் பல ஆண்டுகள் கையில் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் உடம்பில் வலியோ வீக்கமோ எதுவும் தெரிவதில்லை.

1988இல் வெளியான இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடவும் ஆழமானது. நீரிழிவு இருந்தும் சிறுநீரில் புரதம் கசியாதவர்களின் இறப்பு வீதம், நீரிழிவே இல்லாதவர்களின் இறப்பு வீதத்தைவிடக் கூடுதலாக இல்லை. கூடுதல் மரணங்கள் ஏறத்தாழ முழுவதும் புரதம் கசிந்தவர்களிடமே குவிந்திருந்தன. சிறுநீரகம் செயலிழந்ததால் மட்டுமல்லாமல் மாரடைப்பாலும் அவர்கள் இறந்தார்கள். ஏனெனில் அல்புமின் கசிவு என்பது உடம்பு முழுவதும் உள்ள நுண்குழாய்களின் உட்சுவர் பழுதாகிவிட்டது என்பதற்கான அறிகுறியும் ஆகும். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்யப்பட வேண்டிய பரிசோதனை எது என்று கேட்டால், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சிக்கு அடுத்தபடியாக சிறுநீர் அல்புமினைச் சொல்வேன். செலவு குறைந்த அந்தப் பரிசோதனை இன்றும் பல இடங்களில் எழுதப்படாமலே விடப்படுகிறது.

மற்ற உறுப்புகளும் தப்பவில்லை. விழித்திரையின் நுண்குழாய்களில் முதலில் சிறு புடைப்புகள் தோன்றி, நீர் கசிந்து, அடைப்பு ஏற்பட்டு, பிறகு ஆக்சிஜன் போதாத இடங்களில் நொய்மையான புதுக் குழாய்கள் முளைத்து உடைகின்றன. நடுப்பகுதி வீங்காமலும் புதுக் குழாய்கள் உடையாமலும் இருக்கும் வரையில் பார்வை தெளிவாகவே இருக்கும் என்பதால் இங்கும் நோயாளிக்கு முன்னெச்சரிக்கை கிடைப்பதில்லை. நரம்புகளில் மிக நீளமானவை முதலில் கெடுவதால் கால்விரல்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தொடங்குகின்றன. இந்தச் சமூகத்தில் கால் அகற்றப்பட்டவர்களைப் பற்றிய 12 ஆண்டு ஆய்வில், முழங்கால் அனிச்சை மறைந்திருந்ததும், அதிர்வை உணர முடியாமல் போனதும், கால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்ததும் முன்னறிகுறிகளாக இருந்தன. ஈறு நோய் முற்றியவர்களிடம் இதயநோய், சிறுநீரக நோய் மரணங்கள் 3.2 மடங்கு இருந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. பல் மருத்துவர் சொல்வதைச் சர்க்கரை மருத்துவர் கேட்டுக்கொள்ள இது போதுமான காரணம்.

எது மாறியது

1980களின் இறுதிவரை இந்தப் பதிவுகளில் நிலைமை மோசமாகிக்கொண்டே இருந்தது. பிறகு திருப்பம் வந்தது. 1967 முதல் 2002 வரையிலான பிமா நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து மீடா பவ்கோவும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட கட்டுரை, சிறுநீரில் புரதம் கசிபவர்கள் கூடிக்கொண்டே போன அதே காலத்தில், சிறுநீரகம் முற்றாகச் செயலிழப்பவர்களின் வீதம் குறையத் தொடங்கியதைக் காட்டியது. நோய் தளரவில்லை, ஆனால் நோயின் கடைசிக் கட்டத்தை எட்டுபவர்கள் குறைந்தார்கள்.

நாடு முழுவதும் உள்ள அமெரிக்கப் பழங்குடியினரிடையே இந்த மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 ஜனவரியில் வெளியிட்ட கணக்கின்படி, நீரிழிவால் புதிதாகச் சிறுநீரகம் செயலிழந்த பழங்குடிப் பெரியவர்கள் 1996இல் 1 லட்சம் பேருக்கு 57.3, 2013இல் 26.5. பாதிக்கும் மேலான, சரியாகச் சொன்னால் 54 சதவீதம் குறைவு. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் வேறெந்த இனக்குழுவிலும் இவ்வளவு பெரிய வீழ்ச்சி பதிவாகவில்லை. இதே ஆண்டுகளில் நீரிழிவு உள்ளவர்களின் விகிதம் குறையவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் பொருள் முழுமையாக விளங்கும்.

புதிய அதிசய மருந்து எதுவும் இதைச் செய்யவில்லை. வடிமுடிச்சிலிருந்து வெளியேறும் தமனியின் சுருக்கத்தைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கும் ஏசிஇ தடுப்பான்கள் 1980களிலிருந்தே இருந்தன. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் அவற்றில் ஒன்றான கேப்டோப்ரில் சிறுநீரகத்தைக் காப்பதை 1993இல் ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. இரண்டாம் வகையில், ஆஞ்சியோடென்சினை வேறு வழியில் தடுக்கும் லோசார்டனின் பயனை 2001இல் மற்றோர் ஆய்வு காட்டியது. மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கும், சாலை வசதியில்லாத பாலைவனக் குடியிருப்பில் இருக்கும் ஒரு மூதாட்டியின் கையில் அது நாள்தோறும் சென்று சேர்வதற்கும் இடையில் இருக்கும் தூரத்தைத்தான் பழங்குடி சுகாதாரத் துறை கடந்தது. 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் பழங்குடியினருக்கான சிறப்பு நீரிழிவுத் திட்டத்தை உருவாக்கி, முதலில் ஆண்டுக்கு 3 கோடி டாலரும், 2004இலிருந்து 15 கோடி டாலரும் ஒதுக்கியது. அந்தப் பணம் பெரும்பாலும் மனிதர்களுக்கே செலவானது: நீரிழிவுச் செவிலியர், மருந்தாளர், உணவியல் ஆலோசகர், வீடுதேடிச் செல்லும் சமூகப் பணியாளர். நோயாளிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வராதவரைத் தேடிச் சென்றார்கள். மருத்துவமனைக்கு வந்தவருக்கு மட்டுமே மருத்துவம் என்ற வழக்கத்திலிருந்து, ஊரில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் பொறுப்பேற்கும் முறைக்கு மாறினார்கள்.

விளைவுகளும் அதற்கேற்ப அமைந்தன. தடுப்பான் மருந்துகள் கிடைத்தவர்கள் ஐந்தே ஆண்டுகளில் 42 சதவீதத்திலிருந்து 74 சதவீதமானார்கள். சராசரி ஹெச்பிஏ1சி 1996இல் 9.0 ஆக இருந்தது, 2014இல் 8.1 ஆனது. வழிகாட்டி நூல்கள் சொல்லும் 7க்கு அருகில்கூட அது வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் பயனில்லை என்று மனம் தளர்ந்து மருந்தையே நிறுத்திவிடும் நோயாளிகளை நினைக்கும்போது, இந்த எண் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சர்க்கரை ஓரளவு இறங்கி, இரத்த அழுத்தம் கட்டுப்பட்டு, அல்புமின் கசிவு உரிய நேரத்தில் கண்டறியப்பட்டு, தடுப்பான் மருந்து தொடர்ந்து உட்கொள்ளப்பட்டதே டயாலிசிஸ் அறைக்குப் போகும் கூட்டத்தைப் பாதியாக்கப் போதுமானதாக இருந்தது. இன்று இதோடு சிறுநீரகக் குழல்கள் சர்க்கரையை மீண்டும் உறிஞ்சுவதையே தடுக்கும் எஸ்ஜிஎல்டி2 வகை மருந்துகளும் இருக்கின்றன. மேலே சொன்ன மிகை வடிகட்டலை அவை அதன் தொடக்கப் புள்ளியிலேயே தணிக்கின்றன. அவற்றில் ஒன்றான கானாக்ளிஃப்ளோசின், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட முதன்மைப் பாதிப்புகளை 30 சதவீதம் குறைத்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

கண்ணுக்கும் இதே வழிமுறை பின்பற்றப்பட்டது. கண் மருத்துவர் இல்லாத ஊர்களில் விழித்திரையைப் படம் எடுத்து ஃபீனிக்ஸில் உள்ள மையத்துக்கு அனுப்பி, அங்கே பயிற்சி பெற்றவர்கள் படித்துச் சொல்லும் முறையை 2000களின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார்கள்.

இளைஞர்களிடம் எஞ்சியிருக்கும் ஆபத்து

இந்த வெற்றி முழுமையானதல்ல. இருபது வயதுக்கு முன்பே இரண்டாம் வகை நீரிழிவு வந்த பிமா இளைஞர்களைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வு கவலை தருகிறது. 25 முதல் 54 வயது வரையிலான காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் வீதம், இளம் வயதில் நோய் கண்டவர்களிடம் ஆயிரம் நபர்-ஆண்டுகளுக்கு (ஆயிரம் பேரை ஓராண்டு பின்தொடர்வதற்குச் சமம்) 25.0, பின்னர் நோய் கண்டவர்களிடம் 5.4. இளம் வயதிலேயே தொடங்கிவிடுவதால், நாற்பது வயதை அடைவதற்குள் இருபது ஆண்டுச் சர்க்கரைச் சுமை சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் பல இனத்து இளைஞர்களைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான மற்றொரு ஆய்விலும், நோய் கண்டு 15 ஆண்டுகளுக்குள் 80 சதவீதத்தினருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒரு நுண்குழாய்ப் பாதிப்பு வந்திருந்தது. அப்போது அவர்களின் சராசரி வயது இருபத்தாறுதான். ஐம்பது வயதில் நோய் கண்டவருக்காக வகுக்கப்பட்ட பொறுமையான சிகிச்சை முறை இவர்களுக்குப் பொருந்தாது.

இவ்வளவு இளம் வயதில் நோய் வருவதற்கான காரணங்களில் ஒன்றை டேவிட் பெட்டிட் 1988இல் இதே சமூகத்தில் கண்டறிந்தார். கருவுற்றிருந்த காலத்தில் தாய்க்கு நீரிழிவு இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளில் 45 சதவீதத்தினருக்கு 20 முதல் 24 வயதுக்குள் நீரிழிவு வந்தது. பிரசவத்துக்குப் பிறகு நீரிழிவு வந்த தாய்மாரின் பிள்ளைகளில் அது 8.6 சதவீதம், நீரிழிவே வராத தாய்மாரின் பிள்ளைகளில் 1.4 சதவீதம். முதல் இரு பிரிவுத் தாய்மாரும் நோய்க்கான மரபியல் சாய்வு உடையவர்களே. ஆகவே அவர்களின் பிள்ளைகளிடையே காணப்படும் இடைவெளியில் பெரும்பங்கு, கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருந்த சர்க்கரையுடையது. தாயின் கட்டுப்படாத சர்க்கரை ஒரு தலைமுறை தாண்டிப் பிள்ளையின் சிறுநீரகத்தை எட்டுகிறது. எனவே இந்தச் சமூகத்தில் சிறுநீரகப் பாதுகாப்பு என்பது கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்வதிலிருந்தும், கருவுற்ற முதல் மாதங்களிலேயே அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவதிலிருந்தும் தொடங்க வேண்டியிருக்கிறது.

2004இல் இயற்றப்பட்ட அரிசோனா நீர் உடன்பாட்டுச் சட்டம், ஹீலா ஆற்றுச் சமூகத்துக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) நீருக்கான உரிமையை அளித்தது. வயல்களில் மீண்டும் பயிர் வளர்கிறது. மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத டெப்பரி பயறும் அவற்றில் ஒன்று. சிறப்பு நீரிழிவுத் திட்டத்துக்கான ஒதுக்கீடோ இன்னும் நிலையான சட்டமாகவில்லை. நாடாளுமன்றம் அதைக் குறுகிய கால நீட்டிப்புகளாகவே புதுப்பித்துவருகிறது. சில வேளைகளில் அந்த நீட்டிப்பு சில மாதங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. வீடுதேடிச் செல்லும் செவிலியரை அடுத்த ஆண்டுக்கும் பணியில் வைத்திருக்க முடியுமா என்பது தெரியாமலே இந்தச் சமூகங்களின் சுகாதார மையங்கள் இருபது வயது நோயாளிகளுக்கு முப்பதாண்டுச் சிகிச்சையைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கின்றன.